நம்மூர் ஆடு

எங்கள் வீட்டில் எனக்கே எனக்கென்று ஒரு பொருளும் இருந்ததில்லை. பாவாடை சட்டையெல்லாம் தளியில் இருந்த பெரியம்மாவின் மகள் போட்டுக் கழித்த பிறகு பஸ் ஏறி எனக்கு வரும். பள்ளிக்கூடப் பையும் அப்படித்தான். அதன் மூடியில் அவள் தன் பெயரை அழுத்தி எழுதியிருந்ததால் வகுப்பில் பாதிப் பேர் என்னை அந்தப் பெயரிலேயே கூப்பிட்டார்கள். அம்மை போட்டபோதுகூட அவளுக்கு முதலில் வந்துதான் எனக்கு வந்தது.

ஆகவே, அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் குழந்தைகளுக்குச் சொந்தப் பாட்டுப் போட்டி வைக்கிறார்கள் என்று அப்பா வந்து சொன்னதும், அதில் 'சொந்த' என்ற வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அப்போது ஐந்தாம் வகுப்பு. முந்தைய வருஷ விழாவில் எல்லாப் பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக ஒரே சினிமாப் பாட்டுக்கு ஆடி, எச்.ஆர். சாரை நோகடித்திருந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரரான அவர் சங்கீதம் தெரிந்தவர் என்று பேச்சு. இந்த முறை சினிமாப் பாட்டு கூடாது, வேறு யாருடைய பாட்டும் கூடாது, பிள்ளைகளே கட்டிய பாட்டாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கூட மேளதாளம் வைத்துக்கொள்ளலாம்.

அப்பா என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. தகடு அமுக்கும் பிரஸ் ஷாப்பில் தன் ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேரிடமும், "எம் பொண்ணு சொந்தமாவே பாட்டு கட்டுவா" என்று அடித்துச் சொல்லிவிட்டார். அவர் நம்பியதற்குக் காரணம் இருந்தது. சி ஷிப்ட் முடிந்து காலையில் வந்து படுப்பார். ஓசூரில் எங்களுடையது லைன் வீடு. ஒரு பக்கம் மிக்ஸி, ஒரு பக்கம் குக்கர், வெளியே காய்கறி வண்டிக்காரர் மூன்று பாஷையில் கூவுவார். தூக்கம் வராமல் புரளும் அப்பாவுக்கு லீவு நாட்களில் நான்தான் எதையாவது முணுமுணுத்துத் தூங்க வைப்பேன். ஊரில் அப்பாக்கள் பிள்ளைகளைத் தூங்க வைப்பார்கள், எங்கள் வீட்டில் தலைகீழ்.

அந்த முணுமுணுப்பையே பாட்டாக்கினேன். 'ஜோ ஜோ அப்பா, சி ஷிப்ட் போன அப்பா, ஊரெல்லாம் முழிச்சாச்சு, நீ மட்டும் தூங்கு அப்பா' என்று தொடங்கும். கட்டி முடித்ததும் வீட்டாரை உட்கார வைத்துப் பாடிக் காட்டினேன்.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தளிப் பக்கத்துக் கன்னடக்காரி அவள். "ஐயோ, இது எங்கூரு ஜோ ஜோ. எங்கம்மா இப்டித்தான் இழுப்பாங்க" என்றாள். அவள் மெச்சித்தான் சொன்னாள். எனக்கோ முகம் சுருங்கிவிட்டது.

அடுத்து சித்தப்பா. அப்பாவின் தம்பியான அவர், ஊத்தங்கரைப் பக்கத்தில் மழை ஏமாற்றிய ஒரு வருஷம் நிலத்தை அப்படியே போட்டுவிட்டு, கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தார். ஊர்த் திருவிழாவில் பம்பை அடிப்பவர். இடுப்பில் கட்டி அடிக்கும் அந்த இரட்டை மேளத்தையும் கூடவே கொண்டுவந்து ஆணியில் மாட்டியிருந்தார். அவர் தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு, "முடிக்கிற எடம் இருக்குதே, அது எங்க மாரியம்மன் பண்டிகை அடி பாப்பா. எங்க கேட்ட?" என்று மகிழ்ச்சியாகக் கேட்டார். எங்கே கேட்பது, தினமும் சாயங்காலம் அவர் ஆணியிலிருந்து இறக்கித் தட்டுவதைத்தான் கேட்டிருப்பேன்.

சங்கீதத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லாத அப்பாவாவது சும்மா இருப்பார் என்று பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது என் மிஷின் சத்தம்" என்றார். தகட்டை வை, பட்டனை அமுக்கு, எடு. மூன்றாவதில் ஒரு சின்ன நிறுத்தம். நான் பாடியதும் அப்படித்தான் நின்று நின்று போகிறதாம். தூங்கும்போதும் அவர் விரல்கள் அந்தத் தாளத்தைத் தலையணையில் போட்டுக்கொண்டிருக்கும்.

மூன்று பேருக்கும் பெருமை தாங்கவில்லை. நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பாட்டும் பழைய பாவாடை மாதிரி யாரோ போட்டுக் கழித்ததாகப் போய்விட்டது. இதைக் கொண்டுபோய் எப்படிச் சொந்தப் பாட்டு என்று பாடுவது?

அழுதுகொண்டே ஒரு வழி கண்டுபிடித்தேன். காதில் எதுவும் விழாவிட்டால் வருவதெல்லாம் என்னுடையதாகத்தானே இருக்க வேண்டும்? அம்மா விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் திணித்துக்கொண்டேன். அம்மா பாலைப் பார்க்கச் சொன்னது கேட்காமல் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வி கேட்டபோது நான் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தேனாம். கடைசியில் ஆழமாகப் போய்விட்ட பஞ்சை டாக்டர்தான் இடுக்கியால் எடுத்தார். "ஏனாயித்து இந்தப் பொண்ணுக்கு?" என்று அம்மா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஆனால் அந்தப் பஞ்சுக் காலத்தில் ஒரு புது மெட்டு பிறந்திருந்தது. யார் வாசனையும் இல்லாத மெட்டு. பாடிக் காட்டினேன். சித்தப்பா எழுந்து போய், எனக்குத் திருவிழாக் கடையில் வாங்கித் தந்திருந்த பொம்மை கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினார். தானாகவே பாடும் அதன் மாதிரிப் பாட்டு ஓடியது. ஒரு சுரம் பிசகாமல் அதேதான். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. வேறு வழியில்லாமல் பழைய பாட்டுக்கே திரும்பினேன்.

ஆயுத பூஜை அன்று காலை கம்பெனி பஸ் எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனது. பிரஸ் மிஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக் கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். மிஷின்களுக்கு நடுவே மேடை. பெரியம்மாவும் தளியிலிருந்து பூஜைக்கு ரோஜாப் பூவும் சாமந்திப் பூவுமாக அள்ளிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா பக்கவாட்டில் தன் ஷிப்ட் ஆட்களோடு கைகட்டி நின்றிருந்தார். எனக்குப் பக்கத்தில் சித்தப்பா பம்பையோடு. நான் சைகை காட்டினால் மட்டும் மெல்லத் தட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

முதல் வரியைப் பாடினேன். மிஷின்கள் ஓடாத அந்த ஷெட்டில் என் குரல் எங்கோ தகரக் கூரையில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. அது அம்மாவின் குரல் போல இருந்தது. உடனே அடுத்த வரி மறந்துவிட்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் ஷிப்ட் ஆட்களில் ஒருவர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா என்னை மட்டும் பார்த்தார்.

அப்போதுதான் பெரியம்மா எழுந்து, "ஆடம்மா, ஆடு!" என்று கத்தினாள்.

கன்னடத்தில் பாட்டுக்கு ஹாடு என்று பெயர். பாடு என்பதற்கும் ஹாடுதான். ஆனால் தளிப் பக்கத்தார் அந்த 'ஹ'வை விழுங்கிவிடுவார்கள், மிச்சம் இருப்பது ஆடு. எனக்கு அது தெரியும். கன்னடம் ஒரு வார்த்தையும் அறியாத சித்தப்பாவுக்குத் தெரியாது. அவர் ஊரில் கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து ஆடு என்று கத்தினால் பம்பைக்காரர் சும்மா நிற்பது சாமி குற்றம். அடித்தார் பாருங்கள் ஓர் அடி, கூரை அதிர்ந்தது.

தாலாட்டுக்கு அந்த அடியா? நிறுத்தச் சொல்லலாம் என்று திரும்பினேன். ஆனால் வாய் அதற்குள் 'ஜோ' என்று இழுக்கத் தொடங்கியிருந்தது. இழுத்த இழுப்புக்கு அடியில் பம்பை ஓடியது. நான் அவசரப்படவில்லை. அப்பாவின் மிஷின் நிற்கிற அந்த மூன்றாவது இடத்தில் நான் நிற்க, சித்தப்பாவும் நின்றார், பிறகு இருவரும் சேர்ந்து விழுந்தோம். பாட்டு அதுபாட்டுக்குப் போயிற்று. மறந்த வரிகள் தானாக வந்தன. இப்படி வரும் என்று எனக்கும் தெரியாது, சித்தப்பாவுக்கும் தெரியாது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் இருந்ததில்லை.

ஷிப்ட் ஆட்கள் ஆட ஆரம்பித்தார்கள். முடிந்ததும் முதலில் கத்தியது ஊத்தங்கரைக்காரர் ஒருவர். "இது எங்க ஊரு மெட்டுங்க சார்!" பர்கூர்க்காரர் ஒருவர் தெலுங்கில், "காது காது, இதி மா ஊரி பாட்ட!" என்று மறுத்து, அதைத் தன் ஊர்ப் பாட்டாக்கினார். பெரியம்மா விடுவாளா? "இது நம்மூர் ஆடு!" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டாள்.

எச்.ஆர். சார் மைக்கைப் பிடித்தபடி திகைத்து, "ஆடா? யார் ஆடும்மா? கம்பெனிக்குள்ள ஆட்டை யார் விட்டது?" என்று கேட்டார். வாட்ச்மேன் வாசல் பக்கம் ஓடினார்.

ஆட்டு விவகாரம் தெளிந்த பிறகு சார் என்னிடம் குனிந்து, நல்லபடியாகவே சொன்னார். "ரொம்ப நல்லா இருந்தது பாப்பா. ஆனா மூணு ஊர்க்காரங்க எங்க பாட்டுன்னு சொல்றாங்களே. அப்போ சொந்தப் பாட்டு ஆகாதே." முதல் பரிசு, ஹெல்மெட் அணிவதன் அவசியத்தைப் பற்றி மெட்டே இல்லாமல் பாடிய ஒரு பையனுக்குப் போயிற்று. அதை யாரும் எங்கள் ஊர்ப் பாட்டு என்று சொல்லவில்லை. எனக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்த டிபன் பாக்ஸ். யாரும் அதற்குமுன் சாப்பிட்டிராத புத்தம் புது டிபன் பாக்ஸ்தான், அது அப்போது மனதில் ஏறவில்லை.

இன்று நான் மெட்டுப் போட்டுத்தான் பிழைக்கிறேன். பெங்களூர் ஸ்டுடியோக்களில், மேலே இழுவையும் கீழே ஓட்டமும் நடுவில் ஒரு நிறுத்தமுமாக எதையாவது கேட்டால், பெயர் பார்க்காமலே என்னுடையது என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்பார்கள். பெரியம்மா 'ஹ'வை விழுங்கியதால் வந்தது என்றால் நம்புவதில்லை.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது அப்பா என்னை மடியில் வைத்துக்கொண்டார். "எதுக்கு அழுவுற? ஷிப்டே எழுந்து ஆடிச்சே" என்றார். அவர் முகத்தில் கொஞ்சமும் வருத்தமில்லை. ஆனால் பஸ் முழுக்க என் பாட்டைப் பாடிக்கொண்டு வந்தார்கள். பின் சீட்டில் கன்னடத்தில், நடுவில் தெலுங்கில், படிக்கட்டில் நின்றவர்கள் தமிழில். இடையிடையே சீட்டுக் கம்பியில் தட்டிக்கொண்டு, அந்த மூன்றாவது இடத்தில் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் நின்றார்கள். இத்தனை பேருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. டிபன் பாக்ஸை மடியில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். அவர்கள் எல்லோரும் அந்தப் பாட்டை அன்று காலையில்தான், என் வாயிலிருந்துதான், முதல் தடவையாகக் கேட்டார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.