அமத்திப் பிடிக்கிற சுவிச்

வவுனியாவில் கடைக்காரர் எடுத்துத் தந்த, ஏரியல் கேபிள்களை மாற்றும் கோக்ஸ் சுவிச்சைத் திருகிப் பார்த்தேன். திருகிய இடத்தில் நிற்காமல் லொடலொடவென்று ஆடியது. பொழுதுபோக்காக என் வீட்டில் நடத்தும் சின்ன அமெச்சூர் வானொலி நிலையத்தின் இரண்டு ஏரியல்களையும் மாற்றி மாற்றி இணைக்க நம்பகமான சுவிச் ஒன்று தேடி அக்கராயனிலிருந்து வந்திருந்தேன்.

"கொஞ்சம் அமத்திப் பிடிச்சா வேலை செய்யும், அக்கா," என்றார்.

விரலால் அமத்திப் பார்த்தேன்.

சண்டைக் காலத்தில் எங்கள் வீட்டில் உழவு மெசின் பற்றரியில் ஓடிய ரேடியோவின் சுவிச்சும் இதே சாதிதான். விரலால் அமத்தினால்தான் சத்தம் வரும். செய்தி நேரத்தில் அப்பாவும் பெரியப்பாவும் கதிரைகளில் சாய்ந்துகொண்டு, குசினியில் மீன் வெட்டும் அம்மாவைக் கூப்பிடுவார்கள். அம்மா நின்றபடியே அமத்திப் பிடிப்பார். ஈர விரலிலிருந்து செதில்கள் ரேடியோவில் ஒட்டும்.

"வெடுக்கு மணக்குது, மற்றக் கையால பிடியும்," என்பார் அப்பா, மூக்கைப் பொத்தியபடி. அதே மீனைத்தான் மத்தியானம் முள்ளு முள்ளாகச் சூப்புவார்.

ஒருநாள், அம்மாவின் தம்பி இருந்த ஊரில் குண்டு விழுந்ததாகச் செய்தி சொன்னது. அம்மாவின் விரல் விலகிச் சத்தம் அறுந்தது.

"ஒழுங்காப் பிடி பிள்ளை, கேக்க விடு," என்று அதட்டினார் பெரியப்பா.

அம்மா திரும்பவும் அமத்தினார். செய்தி முடிந்த பிறகுதான் அழுதார், குசினிக்குள் போய்.

சுவிச்சைக் கடைக்காரரிடமே தள்ளினேன்.

"அமத்திக்கொண்டு நிக்க என்ர வீட்டில ஆருமில்லை, தம்பி. இனி ஒருத்தரும் நிக்கவும் மாட்டினம்."