எஞ்சினுக்குப் பாதி, மற்றதற்குப் பாதி

என் நாத்தனாரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஆஸ்பத்திரி ஸ்டோரில் இருபத்தாறு வருஷமாக வேலை. பஞ்சு, ஊசி, கையுறை, மருந்துப் பாட்டில் என்று உள்ளே வருகிற எதையும் எண்ணாமல் கையெழுத்துப் போடமாட்டார். சீல் உடையாத பெட்டியைத்தான் முதலில் பிரிப்பார். "சீல் ஒட்டறது என்ன பெரிய வித்தையா, பசை இருந்தாப் போதும்" என்பார். நான் கல்யாணமாகி வந்த முதல் வாரம், நான் உரித்து வைத்த வெங்காயத்தை அவர் எண்ணிப் பார்த்தார் என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை சத்தியம் பண்ணுகிறார். தம்பிக்காரன் சொல்வதை நான் நம்பவில்லை. ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியவில்லை.

அவருடைய கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் எதைச் சொன்னாலும் "அப்படியா!" என்று கேட்டுக்கொள்வார். ஓய்வுப் பணம் வந்த மாதமே முப்பத்துநாலு வயசான ஒரு பாய்மரப் படகை வாங்கியதும் அப்படி ஒரு "அப்படியா!"வில்தான். அண்ணி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. லீவு நாளில் ஆட்களை ஏற்றிக் கடலில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினால் வருமானம் வரும் என்று தெரிந்த பிறகு பேசினார். ஏறும்போது ஒருமுறை தலை எண்ணுவார், இறங்கும்போது ஒருமுறை. கணவர் ஓட்டுவதில் நம்பிக்கை இல்லாமல் படகு ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

பழைய டீசல் எஞ்சின் ஒரு நாள் புகையைக் கக்கி நின்றது. அதன் இரும்பு உடம்பிலேயே விரிசல் விட்டிருந்தது. கூடவே துறைமுக ஆபீசிலிருந்து கடிதமும் வந்தது. மாதக் கடைசிக்குள் படகு சொந்த எஞ்சினில் துறைமுக வாயிலைத் தாண்டிப் போய்த் திரும்பிக் காட்ட வேண்டும்; இல்லாவிட்டால் படகு கட்டும் இடம் காத்திருப்பவர்களில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த வரிசையில் மறுபடி நின்றால் பதினோரு வருஷம் ஆகும். கட்ட இடம் இல்லாத படகை விறகுக்குத்தான் போட வேண்டும்.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, புது எஞ்சின் மாட்ட எஸ்டிமேட் எழுதித் தந்தார். நிதானமான மனுஷன், வாய் திறப்பதற்கு முன் கையைத் துடைத்துக்கொள்வார். கடைசி வரியில் இருந்த தொகை எஞ்சின் விலையைப் போல இரண்டு மடங்கு.

"எஞ்சினுக்குப் பாதி சரி. மீதிப் பாதி யாருக்கு?" என்றார் அண்ணி.

"எஞ்சின் மட்டும் வந்தா எங்கம்மா உட்காரும்? பழசு உட்கார்ந்த மேடை இதுக்குச் சேராது. புகைக் குழாய் மாத்தணும். டாங்க் கழுவணும். தண்ணிக்கு அடியில சுத்திப் படகைத் தள்ளுற விசிறி புதுசு போடணும். படகைத் தூக்கி இறக்கக் கிரேன் வேணும்."

"விசிறி எதுக்கு? பழைய விசிறி பித்தளை, தங்கமா மின்னுது."

"பழைய எஞ்சின் இடப்பக்கம் சுத்தும். புதுசு வலப்பக்கம் சுத்தும். பழைய விசிறியைப் போட்டா படகு பின்னால போகும்."

அண்ணி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு 'கேட்டியா கதையை' என்று அர்த்தம்.

ஸ்டோரில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. சப்ளையரிடம் ஒரே கேள்வியை மூன்று வெவ்வேறு நாளில் கேட்பார். உண்மை பேசுகிறவன் ஒரு நாள் கொஞ்சம் கூட்டிச் சொல்வான், ஒரு நாள் எதையாவது மறப்பான். அச்சடித்த மாதிரி மூன்று தடவையும் ஒன்றையே சொன்ன ஒருவன்தான் முன்பு பாட்டிலில் மருந்தைக் குறைத்து அனுப்பிப் பிடிபட்டவன். அதே பரீட்சையை மெக்கானிக்குக்கும் வைத்தார். அவர் மூன்று நாளும் சொல் மாறாமல் சொன்னார்: பழசு இடப்பக்கம், புதுசு வலப்பக்கம், படகு பின்னால போகும்.

"மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை தோத்துடும்" என்றார் என்னிடம்.

"அவரு சொல்றதுல நியாயம் இருக்கும்மா..." என்று கணவர் ஆரம்பித்தார்.

"நீங்க அவன்கூட டீ குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"யாரு காசு குடுத்தா?"

"அவர்தான்."

"அதானே பார்த்தேன்."

வேலை ஆரம்பமாயிற்று. படகு கரையில் கட்டை மேல் ஏறி நின்றது. அண்ணி தினமும் ஸ்டோர் முடிந்து நேராகப் படகுக்குப் போனார். ஒரு சாயங்காலம், எஞ்சின் உட்காரும் நான்கு ரப்பர் கால்களுக்கும் புதுசு என்று பில் போட்டிருந்ததைப் பார்த்தவர், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எஞ்சினுக்கு அடியில் தவழ்ந்தார். ஐம்பத்தாறு வயசு, முழங்கால் வலி வேறு. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"இங்க வாங்க. இந்த ரெண்டு கால்லயும் பெயிண்டு புதுசா இருக்கு. பெயிண்டுக்கு அடியில என்ன இருக்கு?"

மெக்கானிக் கையைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"ரெண்டு நல்லாத்தான் இருந்துச்சும்மா. கழட்ட மனசு வரல."

"பில் போட மட்டும் மனசு வந்துச்சா?"

இரண்டு கால்களுக்கான பணம் கழிந்தது. அதோடு அண்ணி சிவப்புப் பேனாவை எடுத்து விசிறி வரியையும் அடித்தார். காலில் பொய் சொன்னவன் விசிறியில் உண்மை சொல்வானா? மெக்கானிக் எஸ்டிமேட்டைத் தன் பக்கம் திருப்பினார். 'உரிமையாளர் விருப்பப்படி பழைய விசிறி' என்று எழுதி, கீழே கையெழுத்து மட்டும் கேட்டார். அதற்கும் அண்ணிக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு தடவை படித்துவிட்டுப் போட்டார்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது கிரேன் படகைத் தண்ணீரில் இறக்கியது. எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்தது. அண்ணி சுக்கானைப் பிடித்துக்கொண்டு கியரை முன்னால் தள்ளினார். படகு அழகாக, ஒரு குலுக்கல் இல்லாமல், பின்னால் போய்க் கரைச்சுவரில் தொங்கிய டயரில் முட்டியது.

"எஞ்சினையே தலைகீழா மாட்டியிருக்கான்!" என்று கத்தினார் அண்ணி.

மெக்கானிக் கரையில் நின்றபடி கையைத் துடைத்தார். சிரித்திருந்தால்கூட அண்ணி தேவலை என்று நினைத்திருப்பார். கியரைப் பின்னால் இழுத்துப் பார்த்தார். படகு முன்னால் போனது. மறுபடி முன்னால் தள்ளினார். பின்னால் போனது. இப்படி நாலைந்து தடவை. மூன்று தடவையும் ஒரே பதிலைச் சொன்னவன் மூன்று தடவையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான் என்பது அவர் முகத்தில் மெதுவாக இறங்குவதை நான் பார்த்தேன்.

கிரேன் அடுத்த மாதம் பத்தாம் தேதிவரை காலி இல்லை.

"ரிவர்ஸ்ல போட்டு முன்னால ஓட்டிக் காட்டிடலாம்மா" என்றார் மெக்கானிக். "ஆனா இந்த கியர் ரிவர்ஸ்ல ரொம்ப நேரம் தாங்காது. இருபது நிமிஷம். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல."

வாயிலைத் தாண்டிப் போய்த் திரும்பப் பதினாறு நிமிஷம் ஆகும்.

கடைசி நாள் காலை அதிகாரி வந்தார். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று அண்ணி என்னையும் ஏற்றிக்கொண்டார். கியர் கம்பி தெரியாதபடி இடுப்பைச் சாய்த்து நின்றார். பெட்டி பெட்டியாகப் பிரித்து மற்றவர்களுடைய திருட்டைக் கண்டுபிடித்த அந்த அம்மாள் ஒரு திருட்டை மறைத்துக்கொண்டு நின்றதை அன்றுதான் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை. அண்ணன் கைக்கடிகாரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வாயிலைத் தாண்டினோம். திரும்பலாம் என்று அண்ணி சுக்கானை அசைத்தபோது அதிகாரி கையைத் தூக்கினார். காதில் போன்.

"இன்னும் கொஞ்சம் வெளிய போங்கம்மா. இங்க சிக்னல் கிடைக்கல."

போனோம். அவர் மச்சினனிடமோ யாரிடமோ ஒரு அலமாரி வாங்குவது பற்றிப் பேசினார். தேக்கா, இரும்பா என்று தீரவில்லை. எஞ்சின் பக்கமிருந்து சூடான எண்ணெய் வாசனை வந்தது. அண்ணன் பதினொன்று என்று விரலால் காட்டினார்; திரும்பவும் அவ்வளவு ஆகும். அண்ணி யாரையும் கேட்காமல் படகைத் திருப்பினார்.

"சிக்னல் கட்டாயிடுச்சு" என்றார் அதிகாரி வருத்தமாக.

கரையில் கட்டியபோது இருபத்துமூன்று நிமிஷம். கியர் தாங்கிவிட்டது. அதிகாரி தாளில் வரிசையாக டிக் போட்டுக் கையெழுத்திட்டு நீட்டினார். இடம் நிலைத்தது. அவ்வளவுதான், இறங்கியிருக்கலாம். அண்ணி தாளைப் படிக்க ஆரம்பித்தார்.

"சார், படகைப் பின்பக்கம் ஓட்டிக் காட்டினதா டிக் போட்டிருக்கீங்க. நீங்க கேக்கவே இல்லையே?"

அண்ணன் அண்ணியின் முழங்கையைக் கிள்ளினார்.

"போகுமில்லம்மா?" என்றார் அதிகாரி.

"போகும் சார். நல்லாவே போகும்" என்றார் அண்ணன் அவசரமாக.

அதிகாரி போனதும் அண்ணி தாளை மடித்துப் பையில் வைத்தார். "பார்க்காமலே கையெழுத்துப் போடறான். இந்த ஆளை நம்பியா எல்லாக் கப்பலும் உள்ள வருது?" என்றார். பிறகு மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"விசிறி போட்டுடுங்க. போன மாசம் சொன்ன விலைதானே?"

"விசிறி அதே விலைம்மா. கிரேன்தான் மறுபடி ஒரு தடவை தூக்கி இறக்கணும்."

"அதுக்கு எவ்வளவு?"

அவர் சொன்ன தொகை பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. விசிறி விலையைவிட அதிகம். அண்ணி பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"அந்தக் கிரேன்காரர்," என்றார், "உங்களுக்கு ஏதாவது சொந்தமா?"