கரடிக்கு அனுமதி கேட்ட கதை

எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஒரு கதையைச் சட்டம் திரும்பவும் ஒருவருக்கே சொந்தமாக்கிவிட்டால், இடையில் அதைப் படித்து வளர்ந்தவர்கள் என்ன செய்வது? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. நாங்கள் குடியேறிய மிச்சம் (Mitcham) என்ற ஊரில் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவில் அவளுக்குக் கரடி வேடம். முதல் மேடை. என்னிடமிருந்த பழைய ரஷ்யச் சிறுவர் நூலின் தமிழ் மொழிபெயர்ப்பைப் பார்த்து நான்தான் நாடகத்தை எழுதினேன். விழா வீடியோவைப் பள்ளி இணையதளத்தில் போடுவார்கள் என்றும், அந்தத் தளம் அமெரிக்கக் கணினியொன்றில் இருக்கிறது என்றும் கேள்விப்பட்டதும் நூலகத்துக்கு ஓடினேன். அமெரிக்காவில் யாரும் எடுத்தாளலாம் என்றிருந்த வெளிநாட்டுப் படைப்புகள் பலவற்றுக்கு, உலக வர்த்தக ஒப்பந்தத்தின் பேரில் பதிப்புரிமை திரும்பக் கிடைத்துவிட்டதாம்.

கணவர் சிரித்தார். "மொஸ்கோவிலயிருந்து ஆள் வந்து எங்கட பிள்ளையின்ர வாலைப் பிடிச்சு இழுக்குமோ?"

"பிரஜாவுரிமைக்குப் போட்டிருக்கிறம். நல்ல நடத்தையோ எண்டு கேட்டிருக்கினம்," என்றேன்.

நூலின் கடைசிப் பக்கத்தில், வாசகர் கருத்தை எழுதியனுப்பச் சொல்லி ஒரு மொஸ்கோ முகவரி இருந்தது. அதற்கு அனுமதி கேட்டு எழுதினேன். அச்சும் படங்களும் நன்று என்று கருத்தையும் சேர்த்தேன். நூலை அச்சிட்ட நாடே இப்போது இல்லை என்பது தபாலில் போட்ட பிறகுதான் உறைத்தது.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்வரை பதில் இல்லை. தலைமை ஆசிரியரிடம் சொன்னேன்.

"இதுக்கேன் பிள்ளை யோசிக்கிறீர்? கரடியை யானையாக்குவம். யானை எங்கட."

"சேர், மயிர்ச் சட்டை தைச்சு முடிஞ்சுது."

"தும்பிக்கையை ஒட்டிவிடும். ஆர் கவனிக்கப் போகினம்?"

ஒட்டினேன். அறிவிப்பாளர் "யானையார் வருகிறார்" என்றதும் மகள் தும்பிக்கையைப் பிடுங்கி எறிந்துவிட்டு மைக்குக்கு முன் வந்தாள்.

"நான் யானை இல்லை, கரடி. ரஷ்யாக்காரரின்ர கரடி. களவெண்டு அம்மா சொன்னவா. அதுதான் ஒளிச்சு வைச்சனாங்கள்."

மண்டபம் அதிர்ந்தது. அந்தத் துண்டை வெட்டாமலே இணையதளத்தில் போட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து மொஸ்கோவிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு பக்கம், முழுக்க ரஷ்ய மொழி, கீழே ஒரு பெரிய முத்திரை. அனுமதியா, தடையா என்று தெரியாது. தெரிந்தவரிடம் வாசிக்கக் கொடுத்து, அது தடையாக இருந்தால், மகளின் முதல் மேடையை நானே அழிக்கச் சொல்ல வேண்டும். கொடுக்காவிட்டால், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்காமல் ஓடியவளாவேன். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். ரஷ்ய மொழி தெரியாதவர்கள் எழுதினால் நல்லது.