மச்சானும் எண்ணெய்க் கிணற்றுக் கம்பெனியும்

காமயகவுண்டன்பட்டியில் என் அக்கா வீட்டுக்காரருக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அதில் மூன்று போர் போட்டார். ஒன்றில் தண்ணீர் வந்தது. மற்ற இரண்டிலும் புகை வந்தது. ஈரமே இல்லாமல் பறக்கும் பாறைத்தூளை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மூன்றுக்கும் அடிக்கணக்கில் ஒரே கூலியை வாங்கிக்கொண்டு, மச்சான் வாங்கிக்கொடுத்த பிரியாணியையும் சாப்பிட்டுவிட்டுப் போர் லாரி கிளம்பியது. அன்றிலிருந்து அவருக்கு ஒரு தீர்மானம்: விவசாயத்தில் நட்டப்படாத ஒரே மனிதன் லாரிக்காரன்.

அதனால்தான் போன வருடம் எண்ணெய்க் கிணறு தோண்டும் ஒரு சிறிய கம்பெனியின் பங்கு கைப்பேசியில் கண்ணில் பட்டதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"எண்ணெய் வந்தா என்ன, வராட்டி என்ன மாப்ள? தோண்டுனதுக்குக் கூலி வந்துருமுல்ல? ஒரு தடவையாவது லாரிக்காரன் பக்கம் உக்காந்து பாப்போம்."

கையில் இருந்ததோ பந்தலுக்கு வைத்திருந்த பணம். தோட்டத்தில் பாதிக் கல்தூண்கள் சாய்ந்திருந்தன, கம்பி துருவேறி இற்றுப்போயிருந்தது. அடுத்து கொடிகளைக் கவாத்து வெட்டுவதற்குள் மாற்றாவிட்டால், காய் கனக்கும் நேரத்தில் பந்தலோடு வெள்ளாமையும் தரைக்கு வந்துவிடும். அக்கா தேனியில் இருந்த என்னைப் போனில் பிடித்தாள்.

"ஒம் மச்சான் எண்ணெய்க்குள்ள எறங்கப் போறாகளாம். பேப்பர்ல இருந்துக்கிட்டு ஊரையே கேள்வி கேட்டவன்தான நீ? வந்து இவுகளையும் ரெண்டு கேளு."

நான் போய்ச் சேர்ந்தபோது மச்சான் தன் ஆராய்ச்சியை முடித்திருந்தார். கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கம்பம் டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டிருந்தார். அட்டை மட்டும் கலர். அட்டையில் உயரமான இரும்புக் கோபுரம், அதன் அடியில் மஞ்சள் தொப்பி போட்ட ஆட்கள். உள்ளே முதல் சில பக்கங்களில் வரிக்கு வரி அடிக்கோடு. அதற்குப் பிறகு வந்த தாள்களில் கைபட்ட அடையாளமே இல்லை.

"பின்னால பூராம் பொடி எழுத்து மாப்ள. அது ஆடிட்டருக்குன்னு எழுதுனது."

பத்திரிகையில் இருபது வருடம் எனக்குச் சோறு போட்டது அந்தப் பொடி எழுத்துதான். ஆனால் மச்சானுக்கு என்னைவிடப் பெரிய நிபுணர் தேவைப்பட்டார். கம்பம் பைபாஸ் ஓரம், பட்டறையில் லாரியை நிறுத்தி வைத்திருந்த போர்க்காரரிடம் என்னைக் கூட்டிப் போனார். இரண்டு முறை புகையைக் காட்டிய அதே மனிதர். மச்சானுக்கு அதில் எந்தச் சங்கடமும் இல்லை.

போர்க்காரர் அட்டைப் படத்தை வெகுநேரம் பார்த்தார். சந்தையில் அடுத்தவர் மாட்டைப் பார்க்கிற பார்வை.

"நல்ல வண்டி. சொந்த வண்டியாண்ணே, வாடக வண்டியா?"

"கம்பெனி அட்டையில போட்டுருக்காக. பெறகு யாரு வண்டியாம்?"

"எங்க காலண்டர்லகூடத்தான் வீரபாண்டிக் கோயில் கோபுரத்தப் போட்டுருக்கேன். அது என்னுதா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் லாரியின் படியில் உட்கார்ந்து கைபடாத தாள்களைப் பிரித்தேன். அரைமணி நேரத்தில் விஷயம் கிடைத்துவிட்டது. கோபுரம் வேறொரு கம்பெனியுடையது, நாள் வாடகை. நம் கம்பெனி அரசிடம் அனுமதி வாங்கி, தன் செலவில் தோண்டுகிறது. எண்ணெய் வந்தால் விற்கும். வராவிட்டாலும் வாடகை வாடகைதான். கடைசியாகத் தோண்டிய இரண்டு கிணறுகளை மூடிவிட்டார்கள்.

வாசித்துக் காட்டினேன். மச்சான் தாளை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டா?"

"ரெண்டு."

"புகையா?"

"அப்பிடி எழுதல மச்சான். விக்கிற அளவுக்கு எண்ணெய் இல்லேன்னு போட்டுருக்காக."

"புகைதான்," என்றார். லாரிக்காரரும் தலையை ஆட்டினார்; அந்த விஷயத்தில் இருவருக்கும் அனுபவம் ஒன்று.

திரும்பும் வழியில் பைக்கின் பின்னாலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. "வாடகைக்கு விட்டானே, அவன் கம்பெனி பங்கு கெடைக்குமா?"

"அது தனியார் கம்பெனி. பங்குச் சந்தையில இல்ல."

"எப்பிடி இருக்கும்? லாரிக்காரன் எவன் அடுத்தவனுக்குப் பங்கு குடுத்தான்?"

அந்த மாதமே புதுக் கல்தூண் இறங்கியது. கம்பி இழுத்தார்கள். மச்சான் ஒரு பங்குகூட வாங்கவில்லை என்பதை அக்கா அவரது கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். ஆனால் அந்தக் கம்பெனியின் பெயரை அவர் அதிலிருந்து அழிக்கவில்லை. விலை இறங்குகிற நாளெல்லாம் எனக்குப் போன் வருகிறது. தப்பித்த மனிதனின் குரல் இல்லை அது. துக்க வீட்டில் விசாரிக்கிற குரல்.

"மாப்ள, இன்னைக்கும் எறங்கிருச்சு. மூணாவது கெணறும் புகைதான் போல. பாவம், எத்தன அடி போனாகளோ?"