ஏழாம் எண் கார் நிற்கவில்லை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பள்ளி விடுமுறைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை, குருபோங் தொழிற்பேட்டையில் லாரிகள் நிறுத்தும் பெரிய தார் மைதானத்தில் நடந்தது இது. பள்ளி மாணவர்கள் தாங்களே செய்த மின்சாரக் கார்களை ஓட்டும் பந்தயம். ஒன்பது பள்ளிகள் கலந்துகொண்டன. ஜாசின் வட்டாரத்து இடைநிலைப்பள்ளி ஒன்றின் குழுவுக்கு நான் பொறுப்பாசிரியை. இதை எழுத உட்கார்ந்தாலே எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. வார்த்தைகள் கொஞ்சம் சூடாக விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பந்தயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது. எல்லாக் குழுக்களுக்கும் ஒரே மாதிரி பேட்டரி. நேரம் தொண்ணூறு நிமிடம். அந்த ஒரு பேட்டரியை வைத்துக்கொண்டு அதற்குள் யார் அதிகச் சுற்று ஓடுகிறார்களோ அவர்கள் ஜெயிப்பார்கள். ஆகவே வேகமாகப் போவது கெட்டிக்காரத்தனம் இல்லை. ஆரம்பத்தில் பறந்தால் ஒரு மணி நேரத்திற்குள் பேட்டரி செத்து நடு மைதானத்தில் நிற்க வேண்டியதுதான். இருப்பதைச் சிக்கனமாகச் செலவழிப்பதுதான் போட்டி.

இது எங்கள் பிள்ளைகளுக்கும் முதலில் புரியவில்லை. மூன்று பெண்கள், இரண்டு பையன்கள், எல்லோரும் படிவம் நான்கு, பதினாறு வயது. முதல் தடவை காரைச் செய்து நியாலாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது சிட்டாகப் பறந்தது, கைதட்டினார்கள், அரை மணி நேரத்தில் நின்றுவிட்டது. மழையில் நனைந்துகொண்டே தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தார்கள். சங்கிலி மாட்டும் பல்சக்கரத்தை மாற்றினார்கள். சைக்கிள் டயரைக் கல் மாதிரி காற்றடித்தார்கள். பழைய விளம்பரப் பலகையைக் கழற்றி, காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற மாதிரி மூக்கு செய்தார்கள். கேன்டீன் தராசில் ஒவ்வொரு துண்டாக நிறுத்து, தேவையில்லாத ஆணியைக்கூடப் பிடுங்கி எறிந்தார்கள். ஆறு மாதம் ஆனது.

நான் இயற்பியல் ஆசிரியைதான், ஆனால் ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டேன், பட்டறையைத் திறந்துவிட்டேன், சத்தம் போட்டால் திட்டினேன். மற்றதெல்லாம் அவர்கள் செய்தது.

ஓட்டுவதற்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். குழுவில் அவள்தான் ஒல்லி, அதனால் என்று நான் நினைத்தேன். இல்லை டீச்சர், அவளுக்குத்தான் பொறுமை இருக்கிறது, பக்கத்தில் ஒருவன் முந்தினாலும் அவள் காலை அழுத்த மாட்டாள் என்றான் குழுவில் சுற்றுக்கும் பேட்டரிக்கும் கணக்கெழுதும் பையன். மோட்டார் சத்தத்தை வைத்தே எவ்வளவு மின்சாரம் போகிறது என்று சொல்வாள். மற்றவர்கள் மீட்டரைப் பார்த்துச் சரி என்பார்கள். எனக்கே பொறாமையாக இருக்கும்.

அன்றைக்குக் காலை அவளுடைய அப்பாவின் லாரியிலேயே கார் வந்து இறங்கியது. பரிசோதகர்கள் பிரேக், பெல்ட், ஒயர் எல்லாம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டினார்கள். எங்களுக்கு ஏழாம் எண். ஒன்பது மணிக்குச் சிறப்பு விருந்தினர் வந்து கொடியசைப்பார் என்று அட்டவணையில் போட்டிருந்தது. எட்டரைக்கே பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துவிட்டார்கள். தார் ரோடு, வெயில், கையில் ஹெல்மெட். விருந்தினர் வரும்போது எப்படிக் கைதட்டுவது என்று ஒருவர் மைக்கில் ஒத்திகை வேறு பார்த்தார்.

ஒன்பது ஆனது. பத்து ஆனது. கொம்பாங் கொட்ட வந்த பையன்கள் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள். வேறு பள்ளி மாணவி ஒருத்திக்கு மயக்கம் வந்து கூடாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே போட்டிருந்த மெத்தை வைத்த நாற்காலியில் அவளை உட்கார வைக்கக் கூடாதாம், அது விருந்தினருக்காம். தரையில் அட்டை விரித்துப் படுக்க வைத்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. தாமதத்துக்கு ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. அரை மணி நேரம் பேசினார். நேரத்தின் அருமையைப் பற்றியும் பேசினார் என்பதை நான் சேர்த்துச் சொன்னால் கதை கட்டுகிறேன் என்பீர்கள், ஆனால் உண்மை. பிறகு, பார்க்க அழகாக இருந்த ஒரு காரில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். எங்கள் கார் பக்கம் யாரும் வரவில்லை. மூக்கில் பாதி எழுத்தாக ஏதோ மரச்சாமான் கடை விளம்பரம் தெரிகிற கார் எந்தப் படத்துக்கு ஆகும்?

அதற்குப் பிறகுதான் மைக்கில் அந்த அறிவிப்பு வந்தது. விருந்தினர் அடுத்து அலோர் காஜாவில் ஒரு நிகழ்ச்சிக்குப் போக வேண்டும். அவர் கையால்தான் பரிசு கொடுக்க வேண்டும். ஆகவே பந்தயம் தொண்ணூறு நிமிடத்திலிருந்து இருபது நிமிடமாகக் குறைக்கப்படுகிறது.

நான் பிள்ளைகளைப் பார்த்தேன். கணக்கெழுதும் பையனின் முகத்தில் இரத்தமே இல்லை. இருபது நிமிடத்தில் பேட்டரி யாருக்குத் தீரும்? கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறவன்தான் ஜெயிப்பான். எங்கள் கார் ஆறு மாதமாக மெதுவாக ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. நீச்சலுக்குப் பழக்கிய பிள்ளையை மரம் ஏறச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

பெட்டியில் பழைய பல்சக்கரம் இருக்கிறது, பத்து நிமிடம் கொடுத்தால் மாற்றிவிடுவோம் என்று கெஞ்சினார்கள். நான் ஏற்பாட்டுக் குழுவிலிருந்த ஒரு தமிழ் அதிகாரியிடம் ஓடினேன். நம் ஆள், புரிந்துகொள்வார் என்ற நினைப்பு. பரிசோதனை முடிந்து ஸ்டிக்கர் ஒட்டிய காரில் கைவைக்கக் கூடாது, விதி விதிதான் என்றார். பந்தய நேரத்தை மாற்றலாம், பல்சக்கரத்தை மாற்றக் கூடாது. இதென்ன விதி என்று கேட்டேன். அவர் என் தோளைத் தட்டாத குறைதான்.

"டீச்சர், கொஞ்சம் அஜஸ்ட் பண்ணிப் போங்க லா. பிள்ளைங்களுக்கு இதெல்லாம் ஒரு எக்ஸ்பீரியன்ஸ்தானே."

அந்த வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு உச்சந்தலைக்கு ஏறும். அனுபவமாம். வெயிலில் காயப்போட்டு, உழைப்பைக் குப்பையில் கொட்டிவிட்டு, அதற்கு அனுபவம் என்று பெயர் வைத்துவிட்டால் முடிந்தது. அவரிடம் நான்கு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பிள்ளைகளிடம் திரும்பி வந்து, பரவாயில்லை, கலந்துகொள்வதுதான் முக்கியம் என்றேன். அவர்கள் காருக்குப் பக்கத்தில் போய்த் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

பந்தயம் நடந்தது. எங்களைச் சர் சர்ரென்று முந்திக்கொண்டு போனார்கள். அந்தப் பெண் காலை அழுத்தவில்லை. அவளுக்கென்று எழுதி வைத்த வேகத்திலேயே, கோடு போட்ட மாதிரி போய்க்கொண்டிருந்தாள். அழுத்து, அழுத்து என்று நான்கூடக் கத்திவிட்டேன். குழுவில் ஒருவரும் கத்தவில்லை. இருபது நிமிடம் முடிந்து கறுப்பு வெள்ளைக் கொடி இறங்கியபோது ஒன்பது காரில் நாங்கள் எட்டாவது. ஒன்பதாவது காருக்குச் சங்கிலி கழன்றுவிட்டது.

எல்லாக் கார்களும் கூடாரத்தை நோக்கித் திரும்பின. ஏழாம் எண் கார் திரும்பவில்லை.

கொடியைப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த சுற்றில் கொடிக்காரர் ரோட்டுக்கு நடுவிலேயே வந்து வீசினார். அவள் பக்கவாட்டில் ஒதுங்கிப் போனாள். மூன்றாவது தடவையும் அப்படியே. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பக்கத்தில் பார்த்தேன். கணக்கெழுதும் பையன் நிறுத்தாமல் எழுதிக்கொண்டிருந்தான். மற்ற மூன்று பேரும் வரிசையாக நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் விரலால் எண்ணைக் காட்டினார்கள். தொண்ணூறு நிமிடம் என்று சொன்னீர்கள், தொண்ணூறு நிமிடம் ஓட்டுகிறோம், அவ்வளவுதான்.

காலியான மைதானத்தில் ஒரே ஒரு கார், சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மற்றப் பள்ளிப் பிள்ளைகள்கூட நாசி லெமாக் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் பார்த்தார்கள். மைக்கில் ஏழாம் எண்ணை வெளியே வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். வெயிலுக்கு ஒதுங்கி விருந்தினர் உட்கார்ந்திருந்த கறுப்புக் கார் மேடைக்கு வர வேண்டுமானால் பந்தயப் பாதையைக் கடந்துதான் வர வேண்டும். அது ஓரத்தில் நின்றுகொண்டு ஹாரன் அடித்தது.

பத்துச் சுற்று ஆகியிருக்கும். அந்த அதிகாரி வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். கையில் கொடி.

"உங்க பிள்ளை, நீங்களே நிறுத்துங்க. இல்லன்னா உங்க பிரின்சிபலுக்கு லெட்டர் போகும், டீச்சர். உங்க பேரைப் போட்டுத்தான் போகும்."

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான் குடியிருப்பது புக்கிட் காத்திலில். தினமும் போக வர ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி அலுத்துப்போய், வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கு இடமாற்றம் கேட்டிருந்தேன். அந்த விண்ணப்பம் பிரின்சிபலின் சிபாரிசுக்காக அவர் மேசையில் கிடந்தது. கடிதம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. பிள்ளைகள் வரவில்லை.

"இன்னும் பாதிக்கு மேல பேட்டரி இருக்கு, டீச்சர்," என்றான் பையன், தலையைத் தூக்காமல்.

நான் கொடியை வாங்கிக்கொண்டேன். நேர்ப்பாதையின் முனையில் போய் நின்றேன். கார் வளைவில் திரும்பி என்னை நோக்கி வந்தது. ஹெல்மெட்டுக்குள் அவள் கண் தெரிந்தது. கொடியை இறக்கினேன்.

கார் என் காலடியிலேயே வந்து நின்றது. அவள் பெல்ட்டை அவிழ்த்து, ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள். அழவில்லை. கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அவங்க காட்டினப்போ நான் நிக்கல, டீச்சர். நீங்க காட்டினதாலதான் நின்னேன்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு ஐந்து பேரும் சேர்ந்து காரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பேட்டரி இருக்கும்போதே தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த கறுப்புக் கார் மேடைக்குப் போனது, கைதட்டல் கேட்டது, கோப்பைகள் கொடுக்கப்பட்டன. பன்னிரண்டே முக்காலுக்கு விருந்தினர் கிளம்பிவிட்டார். கார் லாரியில் ஏறி நியாலாஸுக்குப் போனது, திங்கட்கிழமை பள்ளிக்குக் கொண்டுவருவதாக ஏற்பாடு.

வீட்டுக்குப் போய் நான் யார் யாரையோ திட்டினேன். விருந்தினரை, அதிகாரியை, அட்டவணை போட்டவரை. என் கணவர் இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சாப்பிட வா என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு புகார்க் கடிதம் எழுதினேன். எழுதி முடித்துவிட்டு அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று உங்களுக்கே தெரியும்.

திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில் லாரி நின்றது. அந்தப் பெண்ணின் அப்பா காரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தார். நல்ல மனிதர், சூதுவாது தெரியாதவர்.

"நேத்து தோட்டத்து ரோட்டுல பிள்ளைங்க ஒன்றரை மணி நேரம் ஓட்டுனாங்க, டீச்சர். கடைசி வரைக்கும் வண்டி நிக்கவே இல்ல. லயத்து வீடுகள்ல இருந்தவங்க எல்லாம் வந்து பார்த்தாங்க. உங்களுக்கு ஏதோ முக்கியமான வேலையாம்ல, வர முடியலன்னு மக சொன்னா."

ஆமாம், வேலை இருந்தது என்றேன். என்னை யாரும் கூப்பிடவே இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? ஐந்து பேருடைய வீட்டிலும் என் மானத்தைக் காப்பாற்றிப் பேசியிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தொண்ணூறு நிமிடத்தில் எனக்கு இடம் வைக்கவில்லை. வைத்திருக்கவும் கூடாது.

கடிதம் எதுவும் வரவில்லை. அந்த அதிகாரி அன்றைக்கு மத்தியானமே அதை மறந்திருப்பார். அடுத்த வருடம் இடமாற்றம் கிடைத்தது. இப்போது வீட்டிலிருந்து பள்ளிக்குப் பத்தே நிமிடம். அந்தப் பிள்ளைகள் படிப்பு முடிந்து போய்விட்டார்கள், தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறார்கள், மரியாதையாகத்தான் எழுதுகிறார்கள். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதியதில்லை.

இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தவர்மேலும், அஜஸ்ட் பண்ணச் சொன்னவர்மேலும் என் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டியதும் இல்லை. ஆனால் அவர்கள் யாராலும் நிறுத்த முடியாத காரை நிறுத்தியது நான்தான் என்பது ஞாபகம் வரும்போதெல்லாம், அந்தக் கோபத்தை அடுத்தவர்மேல் காட்ட எனக்கு வாய் வருவதில்லை.