கழுவிக்கொண்டு வரும் கால்கள்

ஒஸ்லோவில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கில் பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்குத் தெரிவாகும் பன்னிரண்டு ஆண்களும் வீட்டிலேயே காலைக் கழுவிக்கொண்டுதான் கோயிலுக்கு வருவார்கள். அதுவும் சும்மா கழுவுவதில்லை. வெந்நீரில் ஊறவைத்து, கல்லால் தேய்த்து, நகம் வெட்டி, கிறீம் பூசி, புதுக் காலுறை போட்டு வருவார்கள். மனைவிமார் குனிந்து பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் கார் வெளிக்கிடும். சுவாமியார் முழங்காலில் நின்று ஒவ்வொருவரின் வலது காலிலும் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் துடைப்பார். அங்கே துடைக்க ஒன்றும் இருக்காது. சிறுவயதிலிருந்தே எனக்கு எரிச்சல் தரும் சடங்கு இது. இருந்தும் ஒரு வருடம்கூட நான் தவறவிட்டதில்லை.

நான் கட்டடப் பொறியியலில் மாஸ்டர் முடித்தபோது அப்பா லோறென்ஸ்கூக்கில் மண்டபம் எடுத்து விருந்து வைத்தார். கேக் பாலம் வடிவில் இருந்தது. தூண்கள் சொக்லேட், கம்பிகள் சீனிப்பாகு. மூன்று மாதம் கழித்து, ஒஸ்லோ நகர நடுவில் ஒரு பழைய தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில், தெருவில் வாழ்பவர்களின் கால்களைக் கழுவி நகம் வெட்டும் வேலையில் சேர்ந்தேன். அதற்கென்று பயிற்சியும் எடுத்தேன். படிக்கும் காலத்தில் அங்கே சூப் ஊற்றப் போனவள்தான். ஒருநாள் ஒரு மனிதனின் சப்பாத்தைக் கழற்ற உதவி கேட்டார்கள். வாரக்கணக்கில் கழற்றாத சப்பாத்து. காலுறை தோலோடு ஒட்டியிருந்தது. தண்ணீரில் ஊறவைத்து உரித்து முடியும்வரை அவன் நோர்வேஜிய மொழியில் மன்னிப்புக் கேட்டபடியே இருந்தான். நாறுகிறதே, மன்னித்துக்கொள், நாறுகிறதே என்று.

கடவுள் அன்று என்னோடு பேசினார் என்றெல்லாம் சொல்லமாட்டேன். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. வாழ்நாள் முழுவதும் பெரிய வியாழனுக்குப் போயிருக்கிறேன், கழுவ வேண்டிய கால் ஒன்றை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். நம்புகிறேன் என்றால் இதைச் செய்யவேண்டும், செய்யாவிட்டால் நம்புகிறேன் என்று வாய் திறக்கக்கூடாது. என் வேதாந்தம் அவ்வளவுதான்.

வீட்டில் சொன்ன அன்று அம்மா அழுதார். "சேவை எண்டா சனி ஞாயிறிலை செய்யன், பிள்ளை. ஆர் வேண்டாமெண்டது?" என்றார். அப்பா தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"வடக்கிலை, பாட்ஸ்பியோர்ட்டிலை மீன் கழுவினன். இஞ்சை வந்து ஹோட்டலிலை கோப்பை கழுவினன். எங்கடை வீட்டிலை நான் ஒராள் கழுவினது காணும், பிள்ளை."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்காக வழிவிட நான் தயாராக இல்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவள் நான். அந்தக் குணம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சில மாதம் கழித்துப் பங்குச் சபைச் செயலாளர் கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை லில்லெஸ்ட்ரோமிலை பாலம் கட்டுற கொம்பனியிலையாம். எங்கடை மகனுக்கும் அங்கை ஒரு இடம் பார்த்துச் சொல்லுமன்." நான் விழித்தேன். அப்பா நிலத்தைப் பார்த்தபடி காரை நோக்கி நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "என்னத்துக்கப்பா பொய் சொல்லுறியள்?"

"பொய் இல்லை. நீ போகப்போற இடத்தை முந்திச் சொன்னனான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குப் பதிலாக இன்னொரு மகளைச் செய்து, அவளுக்கு லில்லெஸ்ட்ரோமில் வேலையும் எடுத்துக் கொடுத்திருந்தார். அந்த மகளை ஊரே மெச்சியது. அன்றிலிருந்து எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நான் என்ன செய்கிறேன் என்பதை அப்பா தன் வாயால் ஒருவரிடமாவது சொல்லவேண்டும். அதற்காக இரண்டு வருடம் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தேன். சபைச் செயலாளரிடம் நானே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது அப்பாவின் வாயிலிருந்துதான் வரவேண்டும் என்று பிடிவாதம்.

மூன்றாம் வருடம் பன்னிரண்டு பேரில் அப்பாவும் ஒருவராகத் தெரிவானார். வீடு ஒரு கிழமை கல்யாணவீடாக இருந்தது. பெரிய வியாழனுக்கு முதல்நாள் மத்தியானம் நான் வீட்டுக்குப் போனபோது அம்மா உடைந்த நகவெட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அப்பா வீட்டுக்குள்ளும் காலுறையோடுதான் இருப்பார். குளிருக்கு என்று நினைத்திருந்தேன்.

"உன்னட்டை ஒரு குறடு இருக்கெல்லே, நகம் வெட்டுறது," என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல். "அதைக் கொண்டுவந்து ஒருக்கா வெட்டிவிடன்."

இரண்டு வருடத்தில் என் வேலையைப்பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு.

"அது வேலையிடத்துச் சாமான். வீட்டை கொண்டுவர ஏலாது. நாளைக்குக் காலமை திறந்திருக்கு, வாங்கோ. இலக்கத் துண்டெடுத்துப்போட்டு இருங்கோ."

"பெத்த தேப்பனைக் குடிகாரரோடை வரிசையிலை இருத்தப்போறியே?" என்று அம்மா கேட்டார்.

"ஓம்," என்றேன்.

உண்மையில் குறடு ஒன்று என் பைக்குள்ளேயே இருந்தது. எங்கள் குடும்பத்தில் பொய் சொல்ல அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கவேண்டாம்.

ஒஸ்லோவில் பெரிய வியாழனுக்குக் கடைகள் பூட்டு. வசதி இருப்பவர்கள் மலைவீடுகளுக்குப் போய்விடுவார்கள், இல்லாதவர்கள் எங்கள் அறைக்கு வருவார்கள். அன்றும் நல்ல கூட்டம். அப்பா கோயில் சேர்ட்டோடு வந்தார். இலக்கத் துண்டு எடுத்தார். நாயோடு வந்த ஒரு பெண்ணுக்கும், உட்கார்ந்தபடியே தூங்கும் ஒருவனுக்கும் நடுவில் இருந்தார். அவருக்கு முன்னால் ஐந்து பேர். நான் யாரையும் தாண்டிக் கூப்பிடவில்லை. எழுந்து போய்விடுவார், போகட்டும் என்று நினைத்தேன். அந்தப் பெண் தன் பணிசைப் பிய்த்துப் பாதியை நீட்டினாள். வெளியில் பச்சைத்தண்ணீரும் வாங்கிக் குடிக்காத மனிதர், வாங்கிச் சாப்பிட்டார்.

மற்றவர்களைப் போலவே அவரையும் இலக்கத்தைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். வந்து கதிரையில் இருந்தார். காலுறையைக் கழற்றவில்லை. நான் குனிந்து அதில் கை வைத்ததும் காலைப் பின்னுக்கு இழுத்தார்.

"மன்னிச்சுக்கொள், பிள்ளை. நாறும்."

தமிழில் அந்த வசனத்தை அங்கே நான் முதல்முறையாகக் கேட்டேன். காலுறையை உருவினேன். பெருவிரல் நகம் மாட்டுக்கொம்பு மாதிரித் தடித்து, மஞ்சளாகி, வளைந்து சதைக்குள் இறங்கியிருந்தது. பச்சைச் சவுக்காரம் கரைத்த சுடுதண்ணீரில் ஊறவைத்தேன். பிறகு சீவல் சீவலாக வெட்டத் தொடங்கினேன்.

"நோகுதோ?"

"இல்லை," என்றார். கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"எத்தினை வருசமா இப்பிடிக் கிடக்கு?"

"பாட்ஸ்பியோர்ட்டிலை இருந்து. பூட்ஸுக்குள்ளை எப்பவும் தண்ணி."

இந்தக் காலோடுதான் பாலக் கேக்கைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துப் படியேறினார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்து பேருக்குப் பின்னால் அவரை இருத்திவைத்து மகிழ்ந்த என்னை நினைக்க வெட்கமாக இருந்தது. அதற்காக, இந்த வேலைக்கு வந்தது பிழை என்று எனக்குத் தோன்றவில்லை. வந்திருக்காவிட்டால் இந்தக் காலை நான் பார்த்தே இருக்கமாட்டேன்.

"எல்லாருக்கும் இப்பிடித்தான் செய்யிறனியோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம்."

புதுக் காலுறையைப் போட்டுக்கொண்டு எழுந்து போனார். நான் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டேன்.

பின்னேரப் பூசையில் சுவாமியார் அப்பாவின் காலில் தண்ணீர் விட்டுத் துடைத்தார். பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். செயலாளர் அப்பாவிடம் வந்தார்.

"அண்ணை, உங்கடை கால் சின்னப்பிள்ளையின்ரை கால் மாதிரி எல்லோ கிடந்தது. எங்கை செய்விச்சனீங்கள்?"

நான் கோப்பையை வாயருகில் வைத்தபடி நின்றேன். அப்பா தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"மகளிட்டை."

"மகள் லில்லெஸ்ட்ரோமிலை எல்லே?"

"இல்லை. அது நான் சொன்ன பொய். அவள் பட்டணத்துக்குள்ளை ஒரு கோயிலுக்குக் கீழை, தெருவிலை கிடக்கிற சனத்துக்குக் கால் கழுவுறவள். நானும் இண்டைக்குத் துண்டெடுத்து வரிசையிலை இருந்தனான்."

செயலாளர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், உதவி செய்ய நினைத்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"அப்ப பகுதி நேரமா இருக்கும், என்ன?"

"முழுநேரம்," என்றார் அப்பா.

இன்னும் யாராவது ஏதாவது கேட்கட்டும் என்பதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அந்த முகத்தை எனக்குக் கண்ணாடியில் பார்த்துப் பழக்கம்.