புழு மருந்தும் சனிக்கிழமை டீயும்

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் எங்கள் ஆட்கள் ஒரு பவுல்ஸ் கிளப் நடத்தினார்கள். எங்கள் ஆட்கள் என்றால், ஒரே சர்ச்சுக்குப் போகிற குமாஸ்தாக்கள். என் கணவரும் அதில் ஒருவர். பூவிருந்தவல்லியில் துரைமார்களின் கிளப் இவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியதில் வந்த ரோஷம் அது. தாங்களே மண் சுமந்து, புல் நட்டு, தண்ணீர் ஊற்றி ஒரு புல்தரையை உண்டாக்கினார்கள். மரப்பந்தை உருட்டி, தூரத்தில் கிடக்கும் சின்ன வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான். அதற்குக் கஞ்சி போட்ட வெள்ளுடுப்பு வேறு.

“கூலி ஆளே கிடையாது, எல்லாரும் சேர்ந்து செய்யறோம்” என்று மார்தட்டிக்கொள்வார்கள். புல்லை அறுத்தது ஏரிக்கரைக் குடிசையில் இருந்த ஒரு விதவை. அறுத்த புல் அவள் மாட்டுக்கு. அதற்குப் பதிலாகச் சனிக்கிழமை டீக்கு அவள் பால் தருவாள். மற்ற நாள் பாலை விற்றுத்தான் அவள் அடுப்பு எரிந்தது. டீ போடுவது நான். அந்த ‘எல்லாரும்’ என்பதில் நாங்கள் இரண்டு பேரும் சேர்த்தி இல்லை.

ஒரு மழைக்குப் பிறகு மண்புழுக்கள் தரையெல்லாம் மண்ணைத் தள்ளிவைத்தன. பந்து கோணிக்கொண்டு ஓடியது. ஒருவர் புழு மருந்து வாங்கி வந்தார். வெள்ளிக்கிழமை மாலை எல்லாரும் சேர்ந்து தெளித்தார்கள். அந்தப் புல்லை மாடு தின்னக் கூடாது என்பது அவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

சனிக்கிழமை விடியலில் அவள் வழக்கம்போல வந்து அறுத்தாள். அந்தப் பக்கம் உலாவப் போன இரண்டு அங்கத்தினர்கள் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்கள். சாயங்காலம் அவள் பாலில் எல்லாரும் டீ குடித்தோம்.

மறுநாள் சர்ச் விட்டு வெளியே வரும்போது அவள் மாடு நுரை தள்ளிச் செத்துவிட்டதாகச் சேதி வந்தது. ஐயோ பாவம் என்று ஒரு வாய் சொல்லவில்லை. “நேத்து டீயில அந்தப் பால்தானே?” என்றார் கிளப் தலைவர். என்னையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கம்பவுண்டர் உப்புத் தண்ணீர் கொடுக்க, வரிசையாக உட்கார்ந்து வாந்தியெடுத்தோம்.

அப்போது கன்றைத் தூக்கிக்கொண்டு அவள் வந்தாள்.

“ஐயா, இதுவும் அந்தப் பாலத்தான் குடிச்சிகீது. இதுக்கும் கொஞ்சம் மருந்து ஊத்தச் சொல்லுங்க.”

தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டார். “இது மனுஷங்க ஆஸ்பத்திரி.”

வாசற்படியில், அவள் மடியிலேயே கன்று செத்தது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது ஆகியிருந்தால் தேவலை என்று எனக்கு இன்றுவரை தோன்றுகிறது.

வீட்டுக்கு வரும் வழியில் கணவரைக் கேட்டேன்: “அவகிட்ட ஏன் சொல்லல?”

“யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்.”

கிளப் கூட்டத்திலும் ஒவ்வொருவரும் அதையே சொன்னார்களாம். ஒருவரும் பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவளை ஜெபத்தில் நினைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். ஜெபம் நீளமாகத்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை டீயைக் கொண்டுபோய் வைத்தேன். எல்லாக் கோப்பையிலும் கறுப்பாக இருந்தது. தலைவர் தன் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

“பால் எங்கம்மா?”

“யாராவது கொண்டு வருவாங்கன்னு நினைச்சேன்” என்றேன்.